பிள்ளைக்கு பஸ் சீட் இலவசம் என்று 3,600 ரூபாயை விழுங்கிவிட்டார்கள், ஹட்டன் பக்கத்து ஆட்கள் கவனம்

கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். நேற்றுப் பின்னேரம்தான் கடைசியாக அவர்களோடு பேசினேன். இனிப் பேசவும் முடியாது, நம்பரை பிளொக் பண்ணிவிட்டார்கள்.

தூரப் பயண பஸ்களுக்கு சீட் புக் பண்ணும் ஒரு ஒன்லைன் தளம். பெயர் போடவில்லை. 3,600 ரூபாய் போனது போதும், வக்கீல் நோட்டீசுக்கும் செலவழிக்க என்னால் முடியாது. பேஸ்புக்கில் தமிழிலும் சிங்களத்திலும் விளம்பரம் ஓடுகிறது: "5 வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்குத் தனி சீட், முற்றிலும் இலவசம்." பார்த்தவர்களுக்குப் புரியும்.

சின்னவளுக்கு இரண்டு வயது, பெரியவனுக்கு நாலு. சின்னவளை பொரளை சிறுவர் ஆஸ்பத்திரி கிளினிக்குக் கொண்டுபோக வேண்டும். வீட்டுக்காரர் கொழும்பில் கடையில் வேலை, லீவு கிடையாது. அதனால் நானும் அம்மாவும்தான் போக வேண்டும், பெரியவனை விட்டுவிட்டுப் போக வீட்டில் ஆள் இல்லை. கைக்குழந்தையை மடியில் வைத்தால் பஸ்ஸில் யாரும் டிக்கட் கேட்பதில்லை, அது எல்லோருக்கும் தெரியும். ஆனால் ஹட்டனில் ஏறி, கினிகத்தேனை தாண்டி கித்துல்கலைக்கு இறங்குகிற அந்த வளைவுகளில் பிள்ளையை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு போய்ப் பாருங்கள். அவிசாவளை வருவதற்குள் கை மரத்துவிடும். தனி சீட், அதுவும் இலவசம் என்றால் எந்தத் தாய்க்கும் ஆசை வரும். அந்த ஆசையைத்தான் அவர்கள் விற்கிறார்கள்.

புக் பண்ணும்போது ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு வழிக்கு 900 ரூபாய் காட்டியது. இலவசம் என்றார்களே என்று உடனே போன் பண்ணினேன். ஒரு தம்பி எடுத்தார். எவ்வளவு மரியாதை! "அக்கா, அது டிபொசிட் மட்டும்தான். கொண்டக்டருகிட்ட பெர்த் சர்டிபிகேட் கொப்பியைக் காட்டுங்க, மூணு நாளைக்குள்ள அப்படியே உங்க எக்கவுண்டுக்கு வந்துரும்." பிள்ளையின் வருத்தம் என்ன என்றும் விசாரித்தார். "கடவுள் காப்பாத்துவாரு அக்கா, பயப்படாதீங்க" என்றார். எங்கள் பக்கத்துப் பேச்சு, தோட்டத்துப் பிள்ளை போல இருந்தது. அந்த ஒரு வார்த்தையில் காசைக் கட்டினேன். போக வர, இரண்டு பிள்ளைக்கு 3,600. எங்கள் இருவரின் டிக்கட் காசு தனி.

விடியற்காலை கிளினிக்கில் நம்பர் எடுக்க வேண்டும் என்பதால் இரவு பஸ். ஹட்டன் குளிரில் பிள்ளைகளுக்குத் தொப்பி, கம்பளி எல்லாம் சுற்றி ஏறினால், கொண்டக்டர் டோர்ச் அடித்து சீட் லிஸ்ட்டைக் காட்டுகிறார். நீலப் பேனையில் கட்டம் போட்ட தாள். என் பெயருக்கு நேரே இரண்டு சீட், பக்கத்துச் சீட்டில் வேறு யாரோ. நாலு சீட் எங்கே என்றால், "எங்களுக்கு வந்தது ரெண்டுதான் தங்கச்சி. பிள்ளைங்க சீட்ல இருந்தா முழு டிக்கட், மடியில வச்சா ஒண்ணும் வேணாம்." அவர் மேல் கோபமில்லை. பிளாஸ்டிக் பையும் அவர்தான் கொண்டுவந்து தந்தார், பெரியவன் கித்துல்கலைக்கு முன்னாலேயே வாந்தி எடுத்துவிட்டான். திரும்பி வரும்போதும் இதே கதை. அதாவது 3,600 ரூபாயில் ஒரு சதமும் பஸ்ஸுக்குப் போகவில்லை.

அப்புறம் தொடங்கியது அலைக்கழிப்பு. முதலில் "சிஸ்டம் அப்டேட் ஆகுது மிஸ்". பிறகு பெர்த் சர்டிபிகேட் படம் தெளிவில்லை, மறுபடி அனுப்புங்கள். அனுப்பினேன். பிறகு ரிபண்ட் செக்‌ஷனுக்குப் போட்டாயிற்று, அந்த செக்‌ஷனுக்கு போன் நம்பர் கிடையாதாம். பஸ் முதலாளிதான் தர வேண்டும் என்றார்கள். அவரைத் தேடிப் பிடித்துக் கேட்டால், "பிள்ளைகள் பெயரில் எனக்கு ஒரு சதம் வரவில்லை" என்கிறார். "அக்கா" என்று பேசிய அந்தத் தம்பி பிறகு போனுக்கே வரவில்லை.

நேற்றைய பதில்தான் உச்சம். பிள்ளைகள் சீட்டில் உட்காரவில்லை, மடியில் இருந்தார்கள் என்று நானே சொன்னேனாம். அதனால் அவர்கள் கணக்கில் பிள்ளைகள் பயணமே செய்யவில்லையாம். வராத பயணிக்கு டிபொசிட் திரும்பாதாம்! சீட்டைத் தராதவனே, ஏன் உட்காரவில்லை என்று கேட்கிறான். எழுதும்போதே கை நடுங்குகிறது.

3,600 ரூபாய் சிலருக்கு ஒரு நேரச் சாப்பாட்டுக் காசாக இருக்கலாம். என் அம்மா கொழுந்து பறித்தவள். 2024 செப்டெம்பரில் தோட்ட அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபாய் என்று வர்த்தமானி வந்தது, அதற்கே எத்தனை போராட்டம். அந்தக் கணக்கில் இது இரண்டரை நாளுக்கும் மேலான மழை, அட்டைக்கடி.

என்ன செய்யலாம் என்று விரிவாக எழுத நினைத்தேன், பிள்ளை அழுகிறாள். சுருக்கமாக: இலவசம் என்று சொல்லிவிட்டு டிபொசிட் கேட்டால் அந்த இடத்திலேயே நிறுத்துங்கள். பெர்த் சர்டிபிகேட்டை வட்ஸ்அப்பில் அனுப்பாதீர்கள், என் இரண்டு பிள்ளைகளுடையதும் இப்போது அவர்கள் கையில். சீட்டை பஸ் ஸ்டாண்டில் நேராகக் கேட்டு எடுங்கள், லிஸ்ட்டில் எத்தனை சீட் விழுந்திருக்கிறது என்று ஏறுவதற்கு முன்பே பாருங்கள். ரயிலில் போக முடிந்தால் 3 வயதுக்குக் குறைந்த பிள்ளைக்கு டிக்கட் இல்லை, 12 வயது வரை அரை டிக்கட், இதில் யாரும் டிபொசிட் கேட்பதில்லை. ஸ்கூல் பிள்ளைக்கு பஸ் சீசன் டிக்கட் எடுத்துத் தருகிறோம் என்று இதே ஆட்கள் இன்னொரு விளம்பரமும் போடுகிறார்கள். சீசன் தருவது இ.போ.ச. (இலங்கை போக்குவரத்துச் சபை) டிப்போ, அதிபர் உறுதிப்படுத்திய விண்ணப்பத்துக்கு. நடுவில் ஆள் தேவையே இல்லை.

முறைப்பாட்டுக்கு: ஹட்டன் - கொழும்பு போல மாகாணம் தாண்டி ஓடும் பஸ் என்றால் தேசிய போக்குவரத்து ஆணைக்குழு, 1955. இ.போ.ச. பஸ் என்றால் 1958. காசு ஏமாற்றினால் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபை, 1977. நாளைக்குக் காலையில் 1955க்கும் 1977க்கும் எடுக்கப் போகிறேன். இதே தளத்தில் பிள்ளைக்கு டிபொசிட் கட்டியவர்கள் யாராவது இருந்தால் ஸ்கிரீன்ஷொட்டோடு எனக்கு இன்பொக்ஸ் பண்ணுங்கள், ஒன்றாகவே கொடுப்போம்.