முட்டை விலையைக் காட்டும் தளம்: உக்ரைனின் புரொசோரோ, டொசோரோ எப்படி?

உக்ரைனின் அரசுக் கொள்முதல் தளமான புரொசோரோவையும், அதன் மேல் ஒரு கண் வைத்திருக்கத் தன்னார்வ அமைப்புகள் நடத்தும் டொசோரோவையும் கொஞ்ச நாளாக நோண்டிக்கொண்டிருக்கிறேன். தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: பூட்ஸ், சாப்பாடு, டீசல் வரைக்கும் பிரமாதம், துப்பாக்கி, குண்டு என்று வந்தால் கதவு சாத்தியிருக்கும்.

2014-ல் அதிபரை நாட்டை விட்டு ஓட வைத்த மைதான் போராட்டத்துக்குப் பிறகு, அரசு டெண்டர்களில் நடந்த கொள்ளையைப் பார்த்து வெறுத்துப்போன ஆர்வலர்கள் சேர்ந்து ஆரம்பித்த வேலை இது. தொடக்கத்தில் டிரான்ஸ்பரன்சி இன்டர்நேஷனல் உக்ரைன் கையில் இருந்தது, அப்புறம் அரசிடம் ஒப்படைத்தார்கள், 2016 ஆகஸ்டிலிருந்து எல்லா அரசு அலுவலகங்களுக்கும் கட்டாயமானது. பார்ப்பதற்குக் காசு வேண்டாம், கணக்குத் தொடங்க வேண்டாம். யார் டெண்டர் விட்டார்கள், யார் யார் என்ன விலை கேட்டார்கள், யாருக்குப் போனது, கையெழுத்தான ஒப்பந்தம் என்ன சொல்கிறது, எல்லாம் அங்கேயே கிடக்கும். ஒவ்வொரு கம்பெனிக்கும் எட்டு இலக்கப் பதிவு எண் உண்டு. அதைத் தட்டினால் அதே ஆள் வேறு எந்தெந்த இடத்தில் கடை விரித்திருக்கிறார் என்பதும் தெரிந்துவிடும். ஆவணங்கள் உக்ரைனிய மொழியில்தான், உலாவியின் தானியங்கி மொழிபெயர்ப்பை வைத்துத் தடவித் தடவித்தான் படிக்க முடிகிறது. விலைக்கு மொழிபெயர்ப்பு தேவையில்லை என்பதால் பிழைத்தேன்.

டொசோரோ இதற்கு மேல் கட்டிய மாடி. டெண்டர்களைச் சலித்துச் சந்தேகமானதைப் பிடித்து, சம்பந்தப்பட்ட அலுவலகத்துக்கும் தணிக்கைத் துறைக்கும் போலீஸுக்கும் எழுதிக்கொண்டே இருக்கிறார்கள். அலுப்பான வேலை. எனக்கு இந்தப் பகுதிதான் அதிகம் பிடித்தது, ஏனென்றால் தகவலைத் திறந்து வைத்துவிட்டு "மக்கள் பார்த்துக்கொள்வார்கள்" என்று போய்விடுகிற தளங்கள் உலகம் முழுக்க இருக்கின்றன, உட்கார்ந்து படிக்கச் சம்பளத்துக்கு ஆள் வைத்திருப்பது அபூர்வம்.

சரி, ராணுவத்துக்கு வருவோம். 2023 ஜனவரியில் யூரி நிகோலோவ் என்ற பத்திரிகையாளர், ராணுவச் சாப்பாட்டுக்கான ஒப்பந்தத்தில் ஒரு முட்டைக்கு 17 ஹ்ரிவ்னியா (உக்ரைன் நாணயம்) போட்டிருப்பதை எழுதினார். கீவ் கடைகளில் அப்போது ஒரு முட்டை சுமார் 7 ஹ்ரிவ்னியா. மொத்த ஒப்பந்தம் 1,300 கோடி ஹ்ரிவ்னியாவுக்கு மேல். பாதுகாப்பு அமைச்சகம் முதலில், தெரிந்தே பொய்த் தகவல் பரப்புகிறார்கள், உளவுத்துறையை விசாரிக்கச் சொல்லப்போகிறோம் என்று கோபப்பட்டது. அமைச்சர் ரெஸ்னிகோவ் அது தொழில்நுட்பத் தவறு என்றார். ஆனால் சில நாட்களிலேயே துணை அமைச்சர் ஷபோவலோவ் ராஜினாமா செய்தார். ஆகஸ்டில் ராணுவத்துக்குக் குளிர்கால ஜாக்கெட்டை அதிக விலைக்கு வாங்கியதாக ஒரு விவகாரம் கிளம்பியது, செப்டம்பரில் ரெஸ்னிகோவும் போனார்.

இந்த முட்டைக்கு எப்படி 17 வந்தது என்பதைக் கொஞ்சம் விளக்க வேண்டும், ஏனென்றால் தளத்தின் மிகப் பயனுள்ள பகுதி எது என்பது இதில்தான் புரியும். ராணுவத்துக்குச் சாப்பாடு போடும் ஒப்பந்தம் தனித்தனிப் பொருளுக்கு இல்லை. நானூறுக்கும் மேற்பட்ட பொருட்கள் கொண்ட ஒரு பட்டியலுக்கு, ஒரு வீரருக்கு ஒரு நாளைக்கு இவ்வளவு என்று மொத்தமாகப் பேசுவார்கள். மொத்தத்தைப் பார்த்தால் நியாயமாகவே இருக்கும். ஆனால் முகாம்களில் தினமும் கேட்கும் முட்டை, உருளைக்கிழங்கு போன்றவற்றின் விலையை ஏற்றி, யாரும் கேட்காத சரக்கின் விலையைக் குறைத்து வைத்தால், காகிதத்தில் மலிவு, கல்லாவில் லாபம். மளிகைக்கடையில் சீட்டு எழுதிப் பழகிய எவருக்கும் இது புரியும், தணிக்கையாளருக்கு மொத்தத்தை மட்டும் காட்டினால் புரியாது. அதனால்தான் ஆயுதமல்லாத ராணுவக் கொள்முதலில் ஒவ்வொரு அலகின் விலையையும் வெளியிட வேண்டும் என்று அடுத்த மாதமே நாடாளுமன்றம் சட்டம் போட்டது முக்கியம். பிறகு சாப்பாடு, துணிமணி வாங்க டாட் என்ற தனி அமைப்பு வந்தது, அது புரொசோரோ வழியாகத்தான் வாங்கியது.

ஆனால் ஒன்று. அந்தப் பிரபலமான முட்டை புரொசோரோவில் கிடைத்ததல்ல. போர் தொடங்கியதும் ராணுவ ஒப்பந்தங்களை மூடிவிட்டார்கள். உள்ளே இருந்த யாரோ கொடுத்த காகிதம்தான் நிகோலோவ் கைக்கு வந்தது. 2024 ஜனவரியில் அவர் வீட்டுக் கதவைச் சிலர் தட்டிக் கத்தி, ராணுவத்தில் சேராமல் ஓடுகிறவன் என்று எழுதி ஒட்டிவிட்டுப் போனார்கள். டொசோரோ எவ்வளவு நன்றாக இருந்தாலும் அதில் இந்த மாதிரி ஆட்களுக்குப் பாதுகாப்பு தரும் பொத்தான் எதுவும் இல்லை.

ஆயுதக் கொள்முதல் இன்னும் மூடித்தான் இருக்கிறது, பெருமளவு நியாயமான காரணத்துக்காக. எத்தனை குண்டு எங்கே போகிறது என்று எதிரிக்குச் சொல்ல முடியாது. (விலையையும் சேர்த்து மறைப்பதுதான் எனக்கு உறுத்துகிறது. நம் ஊரிலும் 2019-ல் ரஃபேல் பற்றிய சிஏஜி அறிக்கையில் விலையை மறைத்துவிட்டுச் சதவீதத்தை மட்டும்தான் காட்டினார்கள்.) 2025 ஆகஸ்டில் டிரோன், மின்னணுப் போர்க் கருவிகள் வாங்கியதில் ஒப்பந்தத் தொகையில் 30 சதவீதம் வரை கமிஷன் போனதாக வெளியே வந்தபோது, அதைச் சொன்னது ஊழல் தடுப்புப் பிரிவான நாபு, பொதுமக்கள் தளம் அல்ல. அதற்குச் சில நாட்கள் முன்புதான் நாபுவின் சுதந்திரத்தைப் பறிக்கும் சட்டத்தை நாடாளுமன்றம் ஜூலை 22 அன்று நிறைவேற்றி, மக்கள் அட்டைப்பெட்டிக் காகிதத்தில் எழுதிக்கொண்டு தெருவில் இறங்கி, ஜூலை 31 அன்று அதே நாடாளுமன்றம் அதைத் திருப்பிக்கொண்டது. ஆக, மூடிய கதவுக்குப் பின்னால் நடப்பதில் சிவில் சமூகம் செய்யக்கூடிய உதவி விலை ஒப்பிடுவது இல்லை, உள்ளே போக அதிகாரம் உள்ளவர்களை யாரும் கைகட்டிப் போடாமல் பார்த்துக்கொள்வது. அது இணையதளத்தில் நடக்கிற காரியம் இல்லை.

புரொசோரோவுக்கு ஐந்துக்கு நான்கு, டொசோரோவுக்கு நான்கரை. பத்திரிகையாளர்கள், தகவல் உரிமைச் சட்டத்தில் மனு போடுகிறவர்கள், டெண்டர் வேலையில் இருப்பவர்கள் கட்டாயம் ஒருமுறை உள்ளே போய்ப் பாருங்கள். கம்பெனிப் பெயரில் தேடாதீர்கள், எழுத்துக்கூட்டல் படுத்தும். பொருள் குறியீட்டில் தேடுங்கள், முட்டைக்கு 03142500-3.