எட்ஜ் 530 கையில் இருக்கும்போது 540 வாங்கலாமா?

நேராக விஷயத்துக்கு வருகிறேன். ஹேண்டில்பாரில் மாட்டி வேகம், தூரம், வரைபடம் பார்க்கிற சைக்கிள் கம்ப்யூட்டர்தான் கார்மின் எட்ஜ். அதில் 530 வைத்திருக்கிறவர்கள், அது ஒழுங்காக ஓடும்வரை 540-க்குக் காசைக் கொட்ட வேண்டியதில்லை. முதல் சைக்கிள் கம்ப்யூட்டர் வாங்குகிறவர்கள் கதை வேறு, அதைக் கடைசியில் சொல்கிறேன். வெயிலிலும் சார்ஜ் ஏறுகிற 540 சோலார் கிட்டத்தட்ட யாருக்குமே வேண்டாம். அவசரத்தில் இருப்பவர்கள் இதோடு கிளம்பிவிடலாம், மீதி எல்லாம் ஏன் என்பதற்கான விளக்கம்தான்.

530 வந்தது 2019-இல், 540 வந்தது 2023-இல். நாலு வருஷ இடைவெளி என்றால் தலைகீழ் மாற்றம் இருக்கும் என்று நினைப்போம். என்னிடம் இருப்பது 530, தம்பி வாங்கியது 540. இரண்டையும் ஒரே ஹேண்டில்பாரில் பக்கத்துப் பக்கத்தில் மாட்டி ஓட்டிப் பார்த்தேன். நின்று பார்த்தவர்களுக்கு எது பழசு எது புதுசு என்று சொல்லத் தெரியவில்லை, அதில் தப்பும் இல்லை. இரண்டுக்கும் 2.6 அங்குலத் திரை, இரண்டிலும் அதே 246×322 பிக்சல், அதே 16 ஜிபி இடம், தொடுதிரை கிடையாது, சுற்றிலும் ஏழு பட்டன், கால்வட்டம் திருப்பி மாட்டுகிற அதே மவுண்ட் (கருவியைப் பிடித்துக்கொள்ளும் தாங்கி). பழைய மவுண்டில் புதுசு அப்படியே உட்கார்ந்துகொள்ளும், இது ஒரு நல்ல விஷயம். வித்தியாசம் எல்லாம் உள்ளே இருக்கிறது.

உள்ளே இருப்பதில் விளம்பரத்தில் முதலில் வருவது இரட்டை அலைவரிசை ஜிபிஎஸ். பழைய கருவி எல்1 என்கிற 1575.42 மெகாஹெர்ட்ஸ் அலையை மட்டும் கேட்கும், புதியது அதோடு எல்5 என்கிற 1176.45 மெகாஹெர்ட்ஸ் அலையையும் சேர்த்துக் கேட்கும். இதனால் என்ன லாபம் என்றால், செயற்கைக்கோளிலிருந்து வரும் சிக்னல் உயரமான கட்டடத்திலோ பாறைச் சுவரிலோ மோதித் திரும்பி வரும்போது, மண்டபத்தில் பேசினால் எதிரொலியும் பேச்சும் கலந்து கேட்கிற மாதிரி, கருவிக்கு எது நேரடியாக வந்தது எது சுற்றி வந்தது என்று குழப்பம் வருகிறது. எல்5 சிக்னலின் அமைப்பு இரண்டையும் பிரித்துப் பார்ப்பதற்கு வசதியானது. தத்துவம் உண்மைதான், நானும் ஒத்துக்கொள்கிறேன்.

ஆனால் திறந்தவெளிச் சாலையில் இரண்டு கருவியும் வரைபடத்தில் பதிந்த, நாம் போன பாதையின் கோடுகளை ஒன்றின்மேல் ஒன்றாக வைத்துப் பெரிதாக்கிப் பார்த்தால் கண்ணுக்கு வித்தியாசமே தெரியாது. அடர்ந்த மரங்களுக்கு அடியில், பாறையை ஒட்டிய ஹேர்பின் வளைவுகளில், இரண்டு பக்கமும் மாடிக் கட்டடம் நிற்கும் தெருக்களில் மட்டும்தான் தெரிகிறது. 530-இன் கோடு அங்கே வளைவை லேசாகக் குறுக்கே வெட்டிக்கொண்டு போகிறது, சில இடத்தில் சாலையை விட்டு இறங்கி ஏதோ ஒரு கூரையின் மேல் ஏறிப் போன மாதிரி இருக்கும். 540-இன் கோடு சாலையிலேயே நிற்கிறது. பார்க்க அழகாகத்தான் இருக்கிறது.

அழகாக இருந்து என்ன ஆகப்போகிறது என்பதுதான் கேள்வி. சக்கரத்தின் ஹப்பில் ஒரு வேக சென்சார் கட்டியிருந்தால் வேகமும் தூரமும் அதிலிருந்து வரும், ஜிபிஎஸ்ஸிலிருந்து இல்லை. ஏறிய உயரம் காற்றழுத்தமானியிலிருந்து வருகிறது, அது இரண்டு கருவியிலும் உண்டு, அலைவரிசைக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. அப்புறம் மிச்சம் இருப்பது வரைபடத்தில் கோடு எங்கே விழுகிறது என்பது மட்டும்தான். ஸ்ட்ராவா செக்மென்ட்டில் (ரைடுகளைப் பதிவுசெய்யும் ஆப்பில், ஒரே சாலைத் துண்டை யார் எவ்வளவு நேரத்தில் கடந்தார்கள் என்கிற பட்டியல்) நொடிக்கணக்குப் பார்க்கிறவர்களுக்கும், காட்டுக்குள் ஒற்றையடிப் பாதையில் மலை சைக்கிள் ஓட்டுகிறவர்களுக்கும் அது முக்கியம். மற்றவர்களுக்குக் கோடு பத்தடி தள்ளி விழுந்தால் ஒன்றும் குடி முழுகாது. இன்னொன்று, 530-இல் பதிவு முறை 'ஸ்மார்ட்' (எல்லா நொடியையும் பதியாமல் இடைவிட்டுப் பதிவது) என்று இருந்தால் அதை ஒவ்வொரு நொடிக்கும் பதிவாகும்படி மாற்றிவிடுங்கள். வளைவுகளில் கோடு வெட்டிக்கொண்டு போவதில் ஒரு பகுதி அந்த அமைப்பால்தான் வருகிறது, அதைச் சரிசெய்யப் பைசா செலவில்லை.

உண்மையில் என்னைக் கொஞ்சம் ஆசைப்பட வைத்தது ஜிபிஎஸ் இல்லை, கிளைம்ப்புரோ. ஏற்றம் தொடங்கியதும் திரை தானாக மாறி, இந்த ஏற்றம் இன்னும் எத்தனை கிலோமீட்டர், இன்னும் எத்தனை மீட்டர் உயரம் பாக்கி, சராசரி சரிவு எத்தனை சதவீதம் என்று காட்டும். கீழே ஏற்றத்தின் வடிவம் பச்சை, மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு என்று துண்டு துண்டாக நிறம் மாறிப் போகும், அதன் மேல் நாம் ஒரு சின்னப் புள்ளியாக ஊர்ந்துகொண்டிருப்போம். மூச்சு வாங்கிக்கொண்டு போகும்போது, இந்தச் சிவப்புத் துண்டு இன்னும் இருநூறு மீட்டரில் முடிந்து மஞ்சள் வரும் என்று தெரிந்தால், கியரை விட்டுக்கொடுக்காமல் பிடித்துக்கொள்ளலாமா, இல்லை இப்போதே இறக்கிவிடலாமா என்று முடிவெடுக்க முடிகிறது. மலை ஏறுகிறவர்களுக்கு இதைவிட உபயோகமான திரை கிடையாது.

530-இலும் இது இருக்கிறது, ஆனால் போகிற பாதையை முன்கூட்டியே ஏற்றியிருக்க வேண்டும். பாதை இல்லாமல் சும்மா கிளம்பினால் வராது. 540-இல் பாதை எதுவும் போடாமல், மனம்போன போக்கில் ஓட்டினாலும், முன்னால் ஏற்றம் வருகிறது என்று வரைபடத்தைப் பார்த்து அதுவே கண்டுபிடித்துச் சொல்லிவிடும். தம்பி எங்கேயும் பாதை போட்டுக்கொண்டு போகிற ஆள் இல்லை, அவனுக்கு இது கைகொடுக்கிறது. நான் முந்தின இரவே போனில் பாதை வரைந்து அனுப்பிவிட்டுத்தான் தூங்கப்போவேன், எனக்கு 530-இலேயே கிடைத்துவிடுகிறது. ஆக, நீங்கள் எப்படிக் கிளம்புகிறவர் என்பதைப் பார்த்துக்கொள்ளுங்கள். பாதை போடுகிற பழக்கமே இல்லை, ஆனால் மலை ஏற்றம் நிறைய என்றால், என் தீர்ப்பை ஒரு பக்கம் வைத்துவிட்டு 540-ஐ வாங்கிக்கொள்ளலாம்.

பேட்டரி பற்றி. கார்மின் சொல்கிற கணக்கு 530-க்கு 20 மணி நேரம், 540-க்கு 26 மணி நேரம். ஒரு நாள் ரைடு போகிறவர்களுக்கு இரண்டுமே தாராளம். இரவும் பகலுமாக நீண்டதூர ரைடு போகிறவர்கள் எப்படியும் பவர் பேங்க் எடுத்துக்கொண்டுதான் போகிறார்கள். அந்த இடத்தில்தான் எனக்கு 540-இல் நிஜமாகவே பிடித்த சமாச்சாரம் வருகிறது, அது சார்ஜிங் துளை. 530-இல் மைக்ரோ யூஎஸ்பி, 540-இல் யூஎஸ்பி சி. போன், முன்விளக்கு, பின்விளக்கு எல்லாம் சி வகைக்கு மாறிவிட்ட பிறகு இந்த ஒரு கருவிக்காகத் தனியாக ஒரு கேபிள் தேடிக்கொண்டு திரிய வேண்டியிருக்கிறது. மைக்ரோ யூஎஸ்பி துளைகள் பொதுவாகவே காலப்போக்கில் ஆட்டம் கண்டுவிடும், வேர்வையும் மழைத்தண்ணீரும் ரப்பர் மூடியைத் தாண்டிப் போனால் கேட்கவே வேண்டாம். விளம்பரத்தில் ஒரு வரிகூடப் பெறாத இந்தத் துளை, தினசரிப் பயன்பாட்டில் இரட்டை அலைவரிசையைவிடப் பெரிய விஷயம்.

பயிற்சி சம்பந்தமாகப் புதுசாகச் சேர்த்தவை சில உண்டு. பவர் கைடு என்று ஒன்று, பாதையின் ஏற்ற இறக்கத்தைப் பார்த்து எந்த இடத்தில் எத்தனை வாட்ஸ் மிதிக்க வேண்டும் என்று திட்டம் போட்டுத் தரும். ஸ்டாமினா என்று இன்னொன்று, உடம்பில் இன்னும் எவ்வளவு தெம்பு பாக்கி என்று சதவீதத்தில் காட்டும். இரண்டுக்கும் பவர் மீட்டர் (எத்தனை வாட்ஸ் மிதிக்கிறோம் என்று அளக்கும் கருவி) வேண்டும். அது இல்லாதவர்களுக்கு இந்த இரண்டும் மெனுவில் இருக்கும், அவ்வளவுதான். பவர் மீட்டர் வைத்துக்கொண்டு அட்டவணை போட்டுப் பயிற்சி எடுக்கிறவர்கள் பவர் கைடை ஒரு காரணமாகக் கணக்கில் எடுத்துக்கொள்ளலாம். ஸ்டாமினாவை நான் நம்பத் தயாராக இல்லை, கால் சொல்வதே போதும்.

திரையில் எந்த எண் எங்கே வரவேண்டும் என்று அடுக்குவது 530-இல் பட்டனை அழுத்தி அழுத்திச் செய்யும் வேலை, பொறுமை வேண்டும். 540-இல் போன் ஆப்பிலிருந்தே செய்துவிடலாம், சுகமாக இருக்கிறது. ஆனால் ஒரு தடவை அடுக்கிவிட்டால் அப்புறம் யார் தினமும் மாற்றப்போகிறார்கள்? இதற்காகக் கருவியை மாற்றுவது அதிகம்.

சோலாருக்கு வருவோம். ஒரு கடைக்காரர் தம்பியிடம் சோலார் வாங்கினால் சார்ஜே போட வேண்டாம் என்கிற அளவுக்குப் பேசினார். கார்மினின் சொந்தக் கணக்கிலேயே சோலார் இருந்தால் 26 மணி நேரம் 32 ஆகிறது, அதுவும் 75,000 லக்ஸ் வெளிச்சம் தொடர்ந்து விழுகிறது என்ற அனுமானத்தில். அதாவது நல்ல உச்சி வெயில், மரநிழல் கூடாது, மேகம் கூடாது. அந்த வெயிலில் கருவி தாங்கும், ஓட்டுகிறவர் தாங்குவாரா? கேட்கிற கூடுதல் விலையில் ஒரு நல்ல பவர் பேங்க் வாங்கிவிட்டு மீதிக் காசைப் பையில் போட்டுக்கொள்ளலாம். வாரக்கணக்கில் மின்சாரமே இல்லாத பாதையில் சைக்கிளில் பயணம் போகிறவர்களுக்கு மட்டும் இது பொருந்தலாம், அவர்கள் என் பேச்சைக் கேட்டு முடிவெடுக்கிற ஆட்களும் இல்லை.

இப்போது 540-க்கும் அடுத்து 550 வந்துவிட்டது, 2025-இல். அப்போது அதையே வாங்கிவிடலாமே என்றால், இங்கே ஒரு வேடிக்கை இருக்கிறது. 550-இன் திரை 2.7 அங்குலம், 420×600 பிக்சல், பளிச்சென்று போன் மாதிரி இருக்கிறது, வரைபடம் பார்க்க அருமை. ஆனால் பேட்டரி, எல்லா வசதியையும் போட்டுப் பயன்படுத்தினால் 12 மணி நேரம் என்று கார்மினே சொல்கிறது. 20-இலிருந்து 26-க்கு ஏறி, அங்கிருந்து 12-க்கு இறங்கியிருக்கிறார்கள். 530, 540 இரண்டின் மங்கலான திரையும் வெயில் படப்படத் தெளிவாகத் தெரிகிற வகை, பின்னொளி அதிகம் வேண்டாம், அதனால் சார்ஜ் நிற்கிறது. பளபளப்பான திரை வெயிலோடு போட்டி போட்டுத் தானே வெளிச்சம் தர வேண்டும், அதற்கு மின்சாரம் தின்னும். சதா வரைபடத்தைப் பார்த்துக்கொண்டே ஓட்டுகிறவர்களுக்கு 550 சரி. எண்களைப் பார்த்துக்கொண்டு ஓட்டுகிறவர்களுக்கு அந்தப் பளபளப்பால் எந்தப் பிரயோசனமும் கிடையாது. தொடுதிரை கட்டாயம் வேண்டும் என்பவர்கள் கார்மினின் எட்ஜ் 840 பக்கம் போகலாம், பட்டனும் உண்டு, தொடுதிரையும் உண்டு. வேர்வை சொட்டும் விரலோடு தொடுதிரையில் நான் பட்ட பாடு (அது வேறு கம்பெனிக் கருவி) போதும், எனக்குப் பட்டனே தெய்வம்.

540-க்கு மாறாமல் மிச்சமான காசை வைத்துக்கொண்டு என்ன செய்யலாம் என்று கேட்டால் என் பதில் ரேடார். பின்னால் வரும் வண்டியை 140 மீட்டர் தூரத்திலேயே கண்டுபிடித்துத் திரையின் ஓரத்தில் புள்ளியாகக் காட்டும் வேரியா ரேடார் 530-உடனேயே வேலை செய்கிறது, அதற்கு 540 தேவையில்லை. நான் அந்தக் காசில் அதைத்தான் வாங்கினேன். திரும்பிப் பார்க்காமலே பின்னால் லாரி வருகிறது என்று தெரிவது ஜிபிஎஸ் கோடு சாலையில் நிற்பதைவிட ஆயிரம் மடங்கு மேல். அதற்கும் கை எட்டவில்லை என்றால் சக்கரத்துக்கு ஒரு வேக சென்சார், மார்பில் கட்டும் இதயத்துடிப்புப் பட்டை, இரண்டுமே 530-இன் எண்களை நம்பத்தக்கதாக ஆக்கிவிடும்.

முதல் தடவை வாங்குகிறவர்கள் புது 530 எங்காவது மிச்சம் இருக்கிறது, விலையும் பாதிக்குப் பக்கத்தில் என்றால் யோசிக்காமல் எடுக்கலாம். விலை வித்தியாசம் கொஞ்சம்தான் என்றால் 540-ஐ எடுங்கள், அந்த சி துளைக்காகவே எடுக்கலாம். இன்னொருவர் பயன்படுத்திய 530 என்றால் கொஞ்சம் ஜாக்கிரதை. லித்தியம் பேட்டரி பயன்படுத்தினாலும் சும்மா வைத்தாலும் வயதாகத்தான் செய்யும், 20 மணி நேரம் என்று பெட்டியில் போட்டிருப்பதை மறந்துவிடுங்கள். முழு சார்ஜில் வாங்கி, பின்னொளியைக் கூட்டி, பாதை ஒன்றை ஏற்றி, ஒரு மணி நேரம் ஓடவிட்டு எத்தனை சதவீதம் இறங்குகிறது என்று விற்பவர் கண்ணெதிரிலேயே பாருங்கள். ரப்பர் மூடியைத் திறந்து துளையில் பச்சையாகத் துரு பிடித்திருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள், கேபிளைச் செருகி லேசாக ஆட்டினால் சார்ஜ் அறுந்து அறுந்து வருகிறதா என்றும் பாருங்கள். ஏழு பட்டனையும் ஒவ்வொன்றாக அழுத்திப் பார்த்துவிட்டு, பழையவர் தன் கணக்கிலிருந்து கருவியை நீக்கி, உள்ளே இருக்கும் ரைடுகளையும் வீட்டு இருப்பிடத்தையும் அழித்துக் கொடுத்த பிறகு காசைக் கொடுங்கள்.