பழைய பென்டிரைவ் பொருந்துமா? மூன்று கையடக்க லினக்ஸ் கணினிகள், ஓர் ஒப்பீடு

யாங்கோனில் மின்சாரம் முறை வைத்துத்தான் வருகிறது. ஞாயிற்றுக்கிழமைத் தமிழ் வகுப்புக்குப் பாடத்தாள் தயாரிப்பது என் வேலை. மேசைக் கணினியை நம்பினால் சனிக்கிழமை ராத்திரி பாதித் தாளோடு உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். அதனால்தான் கையில் அடங்கும் கணினிகள் பக்கம் போனேன். பேட்டரியில் ஓட வேண்டும், லினக்ஸ் இயங்குதளம் ஏற வேண்டும், தமிழும் பர்மியமும் ஒரே தாளில் அடிக்க வர வேண்டும். இந்த இரண்டு வருடத்தில் மூன்று கணினிகளை என் மேசையில் வைத்துப் பிரித்து மேய்ந்திருக்கிறேன். முதலாவது கிளாக்வொர்க்பையின் யூகன்சோல், உள்ளே ராஸ்பெர்ரி பை சிஎம்4 லைட் பலகை. இரண்டாவது 2017இல் வந்த முதல் ஜிபிடி பாக்கெட், கைமாறி என்னிடம் வந்தது. அப்புறம் என் அண்ணன் மகனின் ஸ்டீம் டெக் என்ற விளையாட்டுக் கணினி, முதலில் வந்த எல்சிடி மாடல்.

வேகத்தையும் திரையையும் பற்றி நான் எழுதப் போவதில்லை. மூன்றையும் ஒரே கேள்வியை வைத்துத்தான் எடை போட்டேன்: நெட் இல்லாத இடத்தில் இது படுத்துக்கொண்டால், நெட் இல்லாமலே எழுப்ப முடியுமா? எங்களைப் போன்ற ஊர்களில் இருப்பவர்களுக்கு இதைவிடப் பெரிய கேள்வி இல்லை என்று நினைக்கிறேன். பைத்தியம் தெளிந்தால்தான் கல்யாணம், கல்யாணம் ஆனால்தான் பைத்தியம் தெளியும் என்பார்களே, அதே கதைதான். வைஃபை வர, அதன் சில்லை ஓட்டும் உள்மென்பொருளான ஃபர்ம்வேர் பேக்கேஜ் (நிறுவத் தயாரான மென்பொருள் கட்டு) வேண்டும். அந்தப் பேக்கேஜ் வர வைஃபை வேண்டும்.

வைஃபையை மட்டும் பார்த்தால் ஸ்டீம் டெக்தான் முதலிடம். அதில் இருப்பது ரியல்டெக் 8822சிஇ சில்லு. அதற்கான டிரைவரும் ஃபர்ம்வேரும் டெக்கின் இயங்குதளமான ஸ்டீம்ஓஎஸ்ஸுக்குள்ளேயே இருக்கின்றன. திறந்தால் வேலை செய்கிறது. ஒரு சில ரவுட்டர்களோடு இணைப்பு விட்டுவிட்டு வந்தால், டெவலப்பர் அமைப்புகளில் வைஃபையைப் பின்னாலிருந்து நடத்தும் நிரலை ஐடபிள்யூடியிலிருந்து டபிள்யூபிஏ சப்ளிகன்ட்டுக்கு மாற்ற ஒரு பொத்தான் இருக்கிறது. மாற்றி, ஒரு தடவை அணைத்து ஏற்றினால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

ஜிபிடி பாக்கெட்டில்தான் பைத்தியமும் கல்யாணமும். அதில் பிராட்காம் 4356 சில்லு. ஃபர்ம்வேர் கோப்பு ஒன்று போதாது. அந்தப் பலகைக்கே உரிய அளவீடுகள் எழுதிய ஒரு சிறிய டெக்ஸ்ட் கோப்பும் பக்கத்தில் இருக்க வேண்டும். அது இல்லாவிட்டால் வைஃபை தலைகாட்டாது, அல்லது வந்தும் ஒழுங்காக நிற்காது. இயங்குதளத்தின் கருவான கர்னலின் செய்திகளைக் காட்டும் டிமெஸ்ஜ் கட்டளையைப் போட்டுப் பார்த்தால் ஃபர்ம்வேர் ஏற்ற முடியவில்லை, பிழை மைனஸ் 2 என்று வரும். இந்த மைனஸ் 2ஐப் பார்த்துச் சில்லு செத்துவிட்டது என்று நினைப்பவர்கள் நிறைய. அதன் பொருள் ‘கோப்பு இல்லை’, அவ்வளவுதான். எந்தப் பெயரில் கோப்பைத் தேடியது என்பதும் அதே வரியில் இருக்கும். அந்தப் பெயரைத் தாளில் எழுதிக்கொள்ளுங்கள், பாதி வேலை முடிந்தது. புதிய ஃபர்ம்வேர் தொகுப்புகளில் இந்த மாடலுக்கான டெக்ஸ்ட் கோப்பும் சேர்ந்தே வருகிறது. டெபியன் என்ற லினக்ஸ் வகையில், 2023 ஜூன் 10இல் வந்த டெபியன் 12 முதல், நிறுவும் படிமத்திலேயே (சிஸ்டம் முழுவதும் அடங்கிய கோப்பு) கட்டற்ற உரிமம் இல்லாத ஃபர்ம்வேரும் இருக்கிறது. 11இலிருந்து மேம்படுத்தியவர்கள் மட்டும், பேக்கேஜ் எங்கிருந்து வரும் என்று சொல்லும் சோர்சஸ் பட்டியலில் நான்-ஃப்ரீ-ஃபர்ம்வேர் என்ற புதுப் பிரிவைச் சேர்த்தார்களா என்று ஒரு தடவை பார்த்துவிடுவது நல்லது. சேர்க்காவிட்டால் ஃபர்ம்வேர் பழையதிலேயே நின்றுபோகும். திரை படுக்கையாகத் தெரிவது வேறு விஷயம். உள்ளே இருப்பது நிமிர்ந்த பேனல் என்பதால், கர்னல் வரியில் திருப்பச் சொல்லி ஒரு சொல் சேர்த்தால் போதும்.

யூகன்சோலில் ஃபர்ம்வேர் தொல்லை இல்லை. சிஎம்4இன் வைஃபைக்கு வேண்டியதெல்லாம் படிமத்திலேயே உண்டு. ஆனால் மூன்றில் வைஃபை எட்டும் தூரம் குறைந்தது இதுதான். பின்பக்கம் முழுக்க அலுமினியம். சிஎம்4 பலகையில் அச்சடித்த ஆன்டெனா ஒன்றும், வெளி ஆன்டெனா மாட்டும் முனை ஒன்றும் உண்டு. கம்பியை மாட்டினால் மட்டும் போதாது. கான்ஃபிக் டெக்ஸ்ட் கோப்பில் டிடிபாரம் ஆன்ட்2 (dtparam=ant2) என்று எழுதினால்தான் அது வெளி ஆன்டெனாவுக்கு மாறும். எழுதாமல் விட்டால் ரவுட்டர் பக்கத்தில் இணையும், அடுத்த அறைக்குப் போனால் அறுந்துவிடும். டிரைவர் கோளாறு என்று நினைத்து இரண்டு நாள் பேக்கேஜ்களை மாற்றி மாற்றி ஏற்றியிருக்கிறேன். கடைசியில் அந்த ஒரு வரியில் சரியானது.

மோல்மீனில் வகுப்பு நடத்தும் தம்பி ஒருவன் யூகன்சோலில் புதுப் படிமம் எழுதிவிட்டு என்னைக் கூப்பிட்டான்.

“அக்கா, வைஃபை பேரே காட்ட மாட்டேங்குது. ஃபர்ம்வேர் போயிருச்சா?”

“முதல்ல ஆர்எஃப்கில் லிஸ்ட் போட்டுப் பாரு தம்பி. சாஃப்ட் பிளாக்குன்னு வருதா, ஹார்ட் பிளாக்குன்னு வருதா?”

“சாஃப்ட்டுன்னுதான் வருது.”

“அப்ப ஒண்ணும் போகலை. ராஸ்பி-கான்ஃபிக்ல நாட்டைத் தேர்ந்தெடு.”

ஆர்எஃப்கில் என்பது வைஃபை பூட்டியிருக்கிறதா என்று காட்டும் கட்டளை: சாஃப்ட் என்றால் மென்பொருள் போட்ட பூட்டு, ஹார்ட் என்றால் வன்பொருள் பூட்டு. ராஸ்பி-கான்ஃபிக் அமைப்புகளை மாற்றும் கருவி. ராஸ்பெர்ரி பை வழி வந்த சிஸ்டங்களில் நாட்டைச் சொல்லாதவரை வைஃபையைப் பூட்டியே வைத்திருப்பார்கள். எந்தச் சேனலில், எவ்வளவு சக்தியில் ஒலிபரப்பலாம் என்பது நாட்டுக்கு நாடு மாறுவதால் இப்படி. இன்னொன்று: பழைய குறிப்புகளில் பூட் பகுதியில் டபிள்யூபிஏ சப்ளிகன்ட் கோப்பு ஒன்றைப் போட்டால் போதும் என்று இருக்கும். புக்வோர்ம் (டெபியன் 12இன் பெயர்) படிமத்திலிருந்து நெட்வொர்க் மேனேஜர்தான் எல்லாவற்றையும் பார்த்துக்கொள்கிறது; அந்தக் கோப்பை யாரும் படிப்பதில்லை. அதை இயக்கச் சின்னத் திரைக்கு என்எம்டியூஐ என்ற எழுத்துப் பட்டியல்தான் வசதி, அம்புக்குறி விசைகளே போதும். போன் ஹாட்ஸ்பாட்டின் பாதுகாப்பு முறையை டபிள்யூபிஏ3 மட்டும் என்று வைத்திருந்தால் அதை டபிள்யூபிஏ2க்கு இறக்கிப் பாருங்கள். சிஎம்4இன் வைஃபையோடு இது எனக்குப் பல தடவை கைகொடுத்திருக்கிறது.

சரி, வைஃபையே இல்லாத நேரத்தில் பேக்கேஜை எப்படிக் கொண்டுவருவது? வழிகளுக்குள்ளும் போட்டி உண்டு. மூன்றையும் பார்த்துவிட்டேன், என் முதல் தேர்வு யூஎஸ்பி டெதரிங்தான். ஆண்ட்ராய்டு போனைக் கேபிளில் செருகி டெதரிங்கைப் போட்டால், கர்னல் அதை ஒரு வயர் இணைப்பாகவே பார்க்கிறது. ஃபர்ம்வேர் எதுவும் வேண்டாம். போன் ஏற்கெனவே வைஃபையில் இருந்தால் அந்த வைஃபையையும் கேபிள் வழியே கொடுத்துவிடும், சிம் டேட்டாவைத் தொட வேண்டியதில்லை. டேட்டாவை எண்ணி எண்ணிச் செலவழிக்கும் நமக்கு இது பெரிய உதவி.

யூஎஸ்பியில் செருகும் சின்ன வைஃபைக் கருவியான டாங்கிள் இரண்டாவது. அதில் ஏமாற்றம் அதிகம். ஒரே பெட்டி, ஒரே மாடல் எண், உள்ளே சில்லு வேறு. நான் வாங்கிய இரண்டில் ஒன்று அப்படித்தான் இருந்தது. எல்எஸ்யூஎஸ்பி கட்டளையைப் போட்டுச் சில்லைப் பார்க்காமல் காசு கொடுக்காதீர்கள். டிகேஎம்எஸ் வழியாக, அதாவது மூலநிரலிலிருந்து நம் கணினியிலேயே, டிரைவரைக் கட்ட வேண்டிய டாங்கிளை இலவசமாகக் கொடுத்தாலும் நான் வாங்க மாட்டேன். கர்னல் ஹெடர் பேக்கேஜ் வேண்டும், கம்பைலர் வேண்டும், கர்னல் மாறும்போதெல்லாம் மறுபடி கட்ட வேண்டும். அதற்கெல்லாம் நெட் வேண்டும்! ஏத்தெராஸ் ஏஆர்9271 சில்லு உள்ளது கிடைத்தால் விடாதீர்கள். பழசு, 2.4 கிகாஹெர்ட்ஸ் மட்டும்தான். ஆனால் டிரைவர் கர்னலிலேயே இருக்கிறது, ஃபர்ம்வேரும் திறந்த மூலம் என்பதால் டெபியனின் மெயின் பிரிவிலேயே கிடைக்கிறது.

மூன்றாவது வழி, பேக்கேஜைப் பென்டிரைவில் கொண்டுபோவது. இந்த இடத்தில்தான் மூன்று கணினிகளும் ஒன்றுக்கொன்று வெகுதூரம் விலகி நிற்கின்றன.

டெபியனில் ஆப்ட்-ஆஃப்லைன் என்று ஒரு கருவி இருக்கிறது. நெட் இல்லாத கணினியில் ‘எனக்கு இன்னின்ன வேண்டும்’ என்று ஒரு சின்னக் கோப்பு எழுதித் தரும். அதை நெட் உள்ள கணினிக்குக் கொண்டுபோனால் வேண்டிய பேக்கேஜ்களையும் அவை சார்ந்திருக்கும் மற்றவற்றையும் இறக்கிக் கொடுக்கும். திரும்பக் கொண்டுவந்து ஏற்றிக்கொள்ளலாம். கருவி கைவசம் இல்லாவிட்டால், இதே சிஸ்டம் ஓடும் இன்னொரு கணினியில் இறக்கிய டெப் கோப்புகளை (டெபியனின் பேக்கேஜ் கோப்புகள்), பேக்கேஜ் ஏற்றும் கருவியான ஆப்ட்டின் கேஷ் அடைவிலிருந்து அப்படியே நகலெடுத்தாலும் சரிதான். முக்கியமானது இதுதான்: டெபியனின் நிலையான பதிப்பான ஸ்டேபிளில் ஒரு வெளியீடு நடப்பில் இருக்கும் காலமெல்லாம் பாதுகாப்புத் திருத்தங்களும் பிழைத் திருத்தங்களும் மட்டுமே வரும், பேக்கேஜ்களின் அடிப்படை மாறாது. டெபியன் 12க்கும் 13க்கும் இடையே இரண்டு வருடத்துக்கு மேல் ஓடியது. ஆறு மாதத்துக்கு முன் நிரப்பிய பென்டிரைவ் இன்றைக்கும் பொருந்துகிறது என்றால் அதற்கு இதுதான் காரணம்.

ஸ்டீம்ஓஎஸ் 3 ஆர்ச் என்ற இன்னொரு லினக்ஸ் வகையை அடிப்படையாகக் கொண்டது. ஆர்ச் நிற்காமல் ஓடும் ஆறு, பேக்கேஜ்கள் மாறிக்கொண்டே இருக்கும். அதில் இன்று இறக்கிய பேக்கேஜ், போன மாதத்துச் சிஸ்டத்தில் பொருந்தும் என்று சொல்ல முடியாது. பாதி அப்டேட்டை அவர்களே ஆதரிப்பதில்லை. ஸ்டீம்ஓஎஸ் அதன்மேல் இன்னொரு பூட்டும் போட்டிருக்கிறது. சிஸ்டம் கோப்புகள் இருக்கும் ரூட் பகுதி படிக்க மட்டும். பூட்டை எடுத்துவிட்டு, பேக்கேஜின் கையொப்பத்தைச் சரிபார்க்கும் சாவிவளையத்தைத் தயார் செய்து, ஆர்ச்சின் பேக்கேஜ் கருவியான பேக்மேனால் ஏற்றலாம்தான். ஆனால் அடுத்த சிஸ்டம் அப்டேட் வரும்போது ரூட் பகுதி முழுவதுமாக மாறும், நாம் ஏற்றியது போய்விடும். நம் சொந்தக் கோப்புகள் இருக்கும் ஹோம் அடைவு மட்டும் மிஞ்சும். சிஸ்டத்தைத் தொடாமல் தனிக் கட்டாக வரும் ஃபிளாட்பேக் செயலிகள் ஹோம் பக்கம் இருப்பதால் தப்பிக்கும். ஆனால் ஒரு சின்னச் செயலிக்குக்கூட, அது ஓடத் தேவையான ரன்டைம் நூற்றுக்கணக்கான எம்பி கேட்கும். விளையாடுகிற பிள்ளைக்கு இந்த ஏற்பாடு நல்லது, அவன் எதையும் உடைக்க முடியாது. சொந்தத் தட்டச்சு இன்ஜினைச் சிஸ்டத்தில் உட்கார வைக்க நினைக்கும் எனக்கு இது ஒத்துவரவில்லை. எழுத்துருவுக்கு மட்டும் கவலை வேண்டாம். ஹோமுக்குள் எழுத்துரு அடைவில் கோப்பைப் போட்டாலே போதும், எந்தப் பேக்கேஜும் தேவையில்லை.

எழுத்துரு என்றதும் ஒன்று நினைவுக்கு வருகிறது. பழைய பாடத்தாளைத் திறந்து, பர்மிய எழுத்து சிதறித் தெரிவதைப் பார்த்துப் படவுக் என்ற பர்மிய எழுத்துருவைத் திரும்பத் திரும்ப ஏற்றுகிறவர்களைப் பார்க்கிறேன். பேக்கேஜில் தப்பில்லை. இங்கே 2019 அக்டோபர் 1இல்தான் யூனிகோடுக்கு மாறினோம்; அதற்கு முந்தைய தாள்கள் பெரும்பாலும் ஸாகி என்ற பழைய எழுத்துருக் குறியீட்டில் அடித்தவை. கோப்பை யூனிகோடுக்கு மாற்றினால்தான் சரியாகும்.

யூகன்சோல், ஜிபிடி பாக்கெட் இரண்டும் டெபியன் குடும்பம் என்றாலும் ஒரே டெப் கோப்பு இரண்டுக்கும் போகாது. செயலி வகையே வேறு: யூகன்சோல் ஆர்ம்64, ஜிபிடி ஏஎம்டி64. ஒரு தடவை மோல்மீனுக்கு ரயிலில் போய் இறங்கிய பிறகுதான், பென்டிரைவ் முழுக்க ஏஎம்டி64 பேக்கேஜ் இருப்பதைக் கண்டுபிடித்தேன். எழுத்துரு போன்ற, எல்லாச் செயலிக்கும் பொதுவான ‘ஆல்’ வகைப் பேக்கேஜ்கள் மட்டும் ஏறின. அன்றிலிருந்து பென்டிரைவில் இரண்டு அடைவு, பெயரிலேயே வகை. யூகன்சோலுக்கு வேறொரு எச்சரிக்கையும் உண்டு. அதன் திரைக்கான டிரைவர் அதற்கென்று தயாரித்த கர்னலோடு வருகிறது. பொது அப்டேட்டில் பொதுக் கர்னல் வந்து உட்கார்ந்தால் திரை இருண்டுவிடும். கர்னல் பேக்கேஜை ஆப்ட்-மார்க் ஹோல்டில் போட்டு, அதாவது மாறாமல் நிறுத்திவிட்டுத்தான் மற்றதை அப்டேட் செய்ய வேண்டும். இந்த விஷயத்தில் ஜிபிடிதான் உயர்வு, டெபியனின் சாதாரணக் கர்னலே அதற்குப் போதும்.

கடிகாரத்தையும் பாருங்கள். சிஎம்4 பலகையில் தனிக் கடிகாரச் சில்லு கிடையாது. பேட்டரியைக் கழற்றிப் பத்து நாள் வைத்திருந்து போட்டால் தேதி பத்து நாள் பின்னால் இருக்கும். நெட் வந்தால் தானே திருத்திக்கொள்ளும். நெட் இல்லாமல் பென்டிரைவிலிருந்து ஏற்றும்போது, பேக்கேஜ் பட்டியலின் தேதியைத் தாங்கும் ரிலீஸ் கோப்பு இன்னும் செல்லுபடியாகவில்லை என்று ஆப்ட் மறுக்கும். தேதியைக் கையால் திருத்திவிட்டு மறுபடி ஓட்டினால் ஏறும்.

இவ்வளவையும் வைத்துப் பார்த்தால் ஜிபிடி பாக்கெட்டைத்தான் நான் தேர்ந்தெடுத்திருக்க வேண்டும். பேக்கேஜ் விஷயத்தில் அதுதான் நேர்மையான கணினி. ஆனாலும் மோல்மீன் வகுப்புக்கு யூகன்சோலைத்தான் கொடுத்தேன். ஒரு காரணம் பேட்டரி: இரண்டு 18650 செல்கள், தீர்ந்தால் கழற்றி வேறு இரண்டு போடலாம். ஜிபிடியின் பேட்டரி உள்ளே பூட்டியது, வயதும் ஆகிவிட்டது. இன்னொரு காரணம் அதைவிடப் பெரியது. யூகன்சோலின் சிஸ்டம் முழுக்க ஒரு மைக்ரோ எஸ்டி கார்டில் இருக்கிறது. எல்லாம் சரியாக ஓடும் நாளில் அந்தக் கார்டை அப்படியே இன்னொரு கார்டுக்கு நகலெடுத்து வைத்துவிட்டால், எந்தப் பேக்கேஜ் உடைந்தாலும், எந்த அப்டேட் திரையை இருட்டாக்கினாலும், கார்டை மாற்றினால் வகுப்பு நடக்கும். டெர்மினலையே தொடாத ஆளும் செய்யலாம்.

தம்பியிடம் கொடுத்த டப்பாவில் இரண்டு கார்டு, நாலு செல், ஒரு கேபிள், ஏத்தெராஸ் டாங்கிள், ஒரு பென்டிரைவ். பென்டிரைவின் மேல் பிளாஸ்திரி ஒட்டி ‘டெபியன் 12, ஆர்ம்64’ என்றும் நிரப்பிய தேதியையும் பேனாவால் எழுதியிருக்கிறேன். டெபியன் 13 படிமத்துக்கு மாறும் அன்று அந்தப் பிளாஸ்திரியைக் கிழித்துவிட்டுப் புதிதாக நிரப்ப வேண்டும். அதுவரை அதைத் தொட வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன்.