புல்தரைப் பாசிக்கு ஃபோர்க்கா, குழல் கருவியா?

காரைக்குடிப் பக்கம் ஐப்பசி, கார்த்திகை மழையில் வீட்டு நிழல் விழும் புல்தரையெல்லாம் பாசி பிடிக்கும். மண் இறுகித் தண்ணீர் வடியாததும் ஒரு காரணம். அதைச் சரிசெய்யத் தரையில் துளை போட வேண்டும்.

தோட்டத்து மண்ணைக் கிளறும் நாலு பல் ஃபோர்க் மலிவு. 10 செ.மீ. ஆழம் குத்தி லேசாக அசைத்தால் போதும். ஆனால் அது மண்ணை எடுப்பதில்லை, பக்கவாட்டில் தள்ளுகிறது. களி கலந்த செம்மண்ணில் துளையின் சுவரே இன்னும் இறுகிவிடும்.

பல்லுக்குப் பதில் வெற்றுக் குழல்கள் உள்ள குழல் கருவி விரல் பருமனுக்கு மண்ணை உருளை உருளையாகப் பிடுங்கிப் போடும். அந்தத் துளைகளில் மணலைப் பெருக்கித் தள்ளினால் தண்ணீர் தாராளமாக இறங்கும். விலை கூடுதல்தான். காய்ந்த தரையில் இறங்காது, முந்தின நாளே நனைக்க வேண்டும். சகதியில் குழல் அடைத்துக்கொள்ளும்.

என் ஓட்டு குழலுக்கே. மணற்பாங்கான சின்னத் தரைக்கு ஃபோர்க் சரி. எதுவானாலும் முதலில் பாசியை வாரிவிட்டு, ஆவணியிலேயே வேலையை முடியுங்கள். அப்புறம், நிழல் கட்டும் கிளையையும் கழித்துவிடுங்கள். இல்லாவிட்டால் பாசி திரும்ப வரும்.