டர்பைன் இன்ஜினை யாரிடம் ஓவர்ஹாலுக்குக் கொடுப்பது? பத்து வருட அனுபவம்

தீபாவளி முடிந்து பாய் தூஜ் அன்று கேதார்நாத்தில் நடை சாத்துவார்கள். அன்று மாலையே எங்கள் வேலை ஆரம்பமாகிவிடும். சீசன் முழுக்கப் பக்தர்களை ஏற்றிக்கொண்டு மலை ஏறி இறங்கிய ஹெலிகாப்டர்களை டேராடூனுக்குக் கொண்டுவந்து, எந்த இன்ஜினை எங்கே அனுப்புவது என்று உட்கார்ந்து பேசுவோம். அடுத்த வருடம் நடை திறக்கும் தேதியை மகா சிவராத்திரி அன்றுதான் அறிவிப்பார்கள். பெரும்பாலும் ஏப்ரல் கடைசி அல்லது மே மாதத் தொடக்கம். இடையில் இருக்கும் ஐந்து மாதத்துக்குள் இன்ஜின் வெளிநாடு போய், பிரிக்கப்பட்டு, சரியாகி, சுங்கம் தாண்டித் திரும்பி வந்து, ஹெலிகாப்டரில் ஏறி, சோதனைப் பறப்பும் முடிந்திருக்க வேண்டும்.

நான் பராமரிப்புப் பொறியாளர். எங்களிடம் இருப்பவை பெல் 407 ரகம். அவற்றில் ரோல்ஸ்-ராய்ஸ் 250-சி47பி இன்ஜின். 2015-லிருந்து இரண்டு ஓவர்ஹால் ஷாப்புகளோடு, அதாவது இன்ஜினை முழுதாகப் பிரித்துச் சரிசெய்து தரும் இடங்களோடு, வேலை செய்திருக்கிறேன். பெயர்களைச் சொல்லப் போவதில்லை. ஷாப் என்பது அங்கே அந்த நேரத்தில் இருக்கும் ஆட்கள்தான், ஆட்கள் மாறினால் எல்லாமே மாறிவிடும். எதைப் பார்த்துத் தேர்ந்தெடுத்தோம், எங்கே சறுக்கினோம் என்பதுதான் இதே நிலையில் இருக்கும் இன்னொருவருக்குப் பயன்படும்.

இந்த 250 குடும்பம் அமெரிக்காவின் இண்டியானாபொலிஸில் அல்லிசன் நிறுவனம் உருவாக்கியது. 1995-இல் அல்லிசனை ரோல்ஸ்-ராய்ஸ் வாங்கியது. இதுவரை 30,000-க்கும் மேற்பட்ட இன்ஜின்கள் வெளிவந்திருக்கின்றன. எண்ணிக்கை இவ்வளவு பெரியது என்பதால் உலகம் முழுக்க இதைப் பிரித்துச் சேர்க்கும் ஷாப்புகளும் நிறைய. தயாரிப்பாளரின் அங்கீகாரம் பெற்றவை ஒரு பக்கம், தனியாக நடப்பவை இன்னொரு பக்கம். காற்றை அழுத்தும் கம்ப்ரசர், கியர்பாக்ஸ், சூடான வாயுவால் சுழலும் டர்பைன் எல்லாம் தனித்தனி மாட்யூல் என்பதால் டர்பைனை மட்டும் கழற்றி அனுப்பலாம். இப்படிப் பல வழி இருப்பதால்தான் ஆரம்பத்தில் விலையைப் பார்த்து ஏமாந்தோம்.

எங்கள் இன்ஜின்கள் படும் பாடு தனி ரகம். கேதார்நாத் கோயில் இருப்பது 3,583 மீட்டர் உயரத்தில். கீழே பாட்டா, சேர்சி, குப்தகாசி ஹெலிபேடுகளிலிருந்து பத்து நிமிடத்துக்குள் ஏறிவிடுவோம். ரோட்டரை நிறுத்தாமலே ஆள் ஏற்றி இறக்குவோம். 250-இல் ஒரு ஸ்டார்ட் என்றால் ஒரு சைக்கிள். காலையில் ஒரு முறை ஸ்டார்ட் செய்து பதினைந்து தடவை மேலே போய் வந்தாலும் லாக் புக்கில் ஒரு சைக்கிள்தான் ஏறும். ஆனால் டர்பைன் அந்தப் பதினைந்து தடவையும் முழுச் சூட்டுக்குப் போய் ஆறியிருக்கும். அந்த உயரத்தில் காற்று மெல்லியது. டார்க், அதாவது இன்ஜின் கொடுக்கும் முறுக்கு விசை, தன் வரம்பை எட்டுவதற்கு முன்பே எம்ஜிடி, அதாவது டர்பைனுக்குள் அளக்கப்படும் வாயுவின் சூடு, தன் வரம்பைத் தொட்டுவிடும். தொடர்ந்து பறக்க அனுமதிக்கப்பட்ட எம்ஜிடி 727 டிகிரி. ஓவர்ஹாலிலிருந்து வரும் இன்ஜின் அதே வேலைக்கு இருபது டிகிரி குறைவாகச் சுட்டால் இன்னொரு பயணியை ஏற்றலாம். கூடச் சுட்டால் ஒருவரை இறக்கிவிட்டுத்தான் கிளம்ப வேண்டும். கடற்கரையிலோ சமவெளியிலோ பறப்பவர்களுக்கு அவ்வளவாக உறைக்காத இந்த வித்தியாசம் எங்களுக்குத் தினசரிக் கணக்கு.

முதல் ஷாப்பை 2015-இல் தேர்ந்தெடுத்தது கொட்டேஷனைப் பார்த்து. மூன்று இடத்தில் கேட்டோம். அவர்கள் சொன்ன தொகை மற்ற இரண்டையும்விடக் கால்வாசி குறைவு. நாற்பத்தைந்து நாளில் தருவதாகவும் எழுதினார்கள். இன்ஜினைத் திறக்காமலே சொல்லப்படும் தொகை அது என்பது அப்போது என் புத்தியில் உறைக்கவில்லை. அதில் இருந்தது பிரித்துச் சேர்க்கும் கூலியும் கட்டாயம் மாற்ற வேண்டிய சீல், பேரிங் போன்றவையும் மட்டும்தான். பிரித்த பிறகு ஒவ்வொரு வாரமும் ஒரு மெயில் வந்தது. வாயுவை டர்பைன் சக்கரத்துக்குத் திருப்பிவிடும் முதல் நிலை நாசில் தேறாது, புதிது போட வேண்டும். இரண்டாவது வீலில், அதாவது டர்பைன் சக்கரத்தில், தேய்மானம் அதிகம். எரிபொருள் எரியும் அறையின் உள்சுவரான கம்பஸ்டர் லைனரில் வெடிப்பு. ஒவ்வொன்றுக்கும் தனி பில், ஒப்புதல் கொடுக்கும்வரை வேலை நிற்கும். ‘படம் அனுப்புங்கள், அளவு எவ்வளவு, மேனுவல் வரம்பு எவ்வளவு’ என்று கேட்டால், தேறாது என்ற ஒரே வார்த்தைதான் திரும்ப வரும். கடைசித் தொகை மற்ற இரண்டு கொட்டேஷனையும் தாண்டிவிட்டது. நாற்பத்தைந்து நாள் நான்கு மாதத்துக்கு மேல் இழுத்தது.

அதைக்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பேன். இன்ஜின் வந்து சேர்ந்த அன்று நடந்ததைத்தான் மறக்க முடியவில்லை. ஏப்ரல் மூன்றாவது வாரம். பெட்டியைத் திறந்து, காகிதங்களை மேசையில் பரப்பி, சீரியல் நம்பர்களை ஒவ்வொன்றாகச் சரிபார்த்துக்கொண்டிருந்தோம். டர்பைன் வீல் என்பது ஆயுள் வரம்புள்ள பாகம். பிறந்த நாளிலிருந்து எத்தனை மணி நேரம், எத்தனை சைக்கிள் ஓடியது என்பதற்கு இடைவெளி இல்லாத பதிவு வேண்டும். அவர்கள் மாற்றிப் போட்ட நான்காவது நிலை வீல் புதிது அல்ல, வேறொரு இன்ஜினில் ஓடியது. அதில் தவறில்லை, அப்படிப் போடலாம். ஆனால் அந்த வீலின் பதிவில் நடுவே இரண்டு உரிமையாளர்களுக்கு இடையே ஒரு துண்டு காணோம். மொத்த மணி நேரம் எழுதியிருக்கிறது, அந்த எண் எங்கிருந்து வந்தது என்பதற்கு ஆதாரம் இல்லை.

என்னோடு வேலை பார்த்த தம்பி, ‘அண்ணே, ரிலீஸ் சர்டிபிகேட் இருக்கே, அது போதாதா?’ என்றான்.

‘சர்டிபிகேட் இப்ப நல்லா இருக்குன்னு சொல்லுதுடா. இன்னும் எத்தனை மணி நேரம் ஓட்டலாம்னு இந்தப் பேப்பர்தான் சொல்லணும்’ என்றேன்.

அந்த இன்ஜினை நாங்கள் மாட்டவில்லை. நடை திறந்த பிறகும் ஒரு ஹெலிகாப்டர் ஹாங்கரில் நின்றது. விடுபட்ட காகிதம் வந்து சேர ஐந்து வாரம் ஆனது. சீசனின் மிகப் பரபரப்பான ஐந்து வாரம் அது. நான் கையெழுத்துப் போடாமல் நின்றதற்கு அலுவலகத்தில் நிறையப் பேச்சு வாங்கினேன். இன்றும் அதே முடிவைத்தான் எடுப்பேன். அந்த வீலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பறக்கப் போவது அறுபது, எழுபது வயதில் ஈசனைப் பார்க்க வந்தவர்கள்.

அடுத்த ஷாப்பைத் தேடும்போது கேள்வியையே மாற்றிக்கொண்டோம். ‘எவ்வளவு ஆகும்?’ என்று முதலில் கேட்கவில்லை. ‘போன வருடம் எங்களைப் போல உயரத்தில் பறக்கும் வாடிக்கையாளருக்கு நீங்கள் கொடுத்த பிரிப்பு அறிக்கையை, பெயரை மறைத்து ஒன்று காட்டுங்கள்’ என்று கேட்டோம். இரண்டு இடம் தயங்கின. ஒரு இடம் மறுநாளே அறுபது பக்கம் அனுப்பியது. நாசிலில் இருக்கும் ஒவ்வொரு வேனின், அதாவது அசையாத இதழின், வெடிப்புக்கும் படம், பக்கத்தில் அளவுகோல், மேனுவல் அனுமதிக்கும் நீளம், உண்மையில் இருந்த நீளம், அதனால் என்ன முடிவு என்பதெல்லாம் வரிசையாக இருந்தது. ‘இது வரம்புக்குள் இருக்கிறது, மாற்றத் தேவையில்லை’ என்று எழுதிய வரிகளும் நிறைய இருந்தன. அந்த வரிகளைப் படித்தபோதுதான் எனக்கு நம்பிக்கை வந்தது. 2017-லிருந்து அவர்களிடம்தான் கொடுக்கிறோம்.

அவர்களிடமிருந்து வந்த ஒரு போன் எங்கள் வழக்கத்தையே மாற்றியது. இரண்டாவது முறை அனுப்பிய டர்பைனைப் பிரித்துவிட்டு அவர்களுடைய மூத்த டெக்னீஷியன் நேராக என்னை அழைத்தார். ஆறு, ஏழாம் எண் பேரிங்குகள் இருக்கும் இடத்தில் எண்ணெய் கருகிக் கட்டியாகப் படிந்திருக்கிறது என்றார். படமும் வந்தது. தோசைக்கல்லின் ஓரத்தில் ஏறிக் கிடக்கும் கரி மாதிரி இருந்தது. ‘உங்கள் பைலட்டுகள் நிறுத்துவதற்கு முன் இன்ஜினைக் குறைந்த வேகத்தில், ஐடிலில், எவ்வளவு நேரம் வைக்கிறார்கள்?’ என்று கேட்டார். ‘இரண்டு நிமிடம்தான், புத்தகத்திலேயே இருக்கிறது’ என்றேன். ‘நேரில் நின்று பாருங்கள்’ என்று மட்டும் சொன்னார்.

அடுத்த சீசனில் பாட்டா ஹெலிபேடில் கைக்கடிகாரத்தோடு நின்று பார்த்தேன். கடைசி ட்ரிப் முடிந்ததும் ஆட்கள் இறங்கும் அவசரம், மேகம் இறங்குகிறது என்ற பதற்றம், மதியச் சாப்பாடு. ஒருவர் எழுபது விநாடியில் நிறுத்தினார். இன்னொருவர் ஐம்பத்தைந்து. யாருக்கும் கெட்ட எண்ணம் இல்லை, மனசுக்குள் ஓடும் இரண்டு நிமிடம் அப்படிச் சுருங்கிப்போயிருந்தது. சூடான டர்பைனைச் சட்டென்று நிறுத்தினால் எண்ணெய் ஓட்டம் நின்றுவிடும், பேரிங்கில் தங்கிய எண்ணெய் அங்கேயே வெந்து கரியாகும். தலைமை பைலட்டிடம் அந்தப் படத்தைக் காட்டினேன். அவர் ஒரு வார்த்தை பேசாமல் அதைப் பைலட் அறையில் ஒட்டச் சொன்னார். அடுத்த முறை அதே இன்ஜினைப் பிரித்தபோது அந்த இடம் சுத்தமாக இருந்தது. அந்தப் போனுக்கு எந்த பில்லும் வரவில்லை.

சேர்த்த இன்ஜினை ஷாப்பிலேயே ஓட்டிப் பார்த்து எழுதும் டெஸ்ட் செல் தாளையும் விடாமல் கேட்க வேண்டும். முதல் ஷாப் ‘பாஸ்’ என்ற ஒரு வரியோடு நிறுத்திக்கொண்டது. இவர்கள் ஒவ்வொரு பவர் நிலையிலும் டார்க், எம்ஜிடி, கம்ப்ரசர் வேகம் மூன்றையும் எழுதி, வரம்புக்கு எவ்வளவு இடைவெளி இருக்கிறது என்றும் காட்டுகிறார்கள். நாங்கள் இன்ஜினை மாட்டியதும் டேராடூனில் ஒரு பவர் செக், மலைக்குப் போன முதல் நாள் இன்னொன்று செய்து அந்தத் தாளோடு ஒப்பிடுவோம். சீசன் நடுவே இடைவெளி சுருங்கினால் கம்ப்ரசரைக் கழுவ வேண்டுமா, எங்காவது காற்றுக் கசிவா, சூட்டை அளக்கும் தெர்மோகப்பிளில் கோளாறா என்று தேட ஓர் ஆரம்பப் புள்ளி கிடைக்கிறது.

சுங்கத்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும், இதில் பலர் மாட்டுகிறார்கள். பழுது பார்க்க அனுப்பிய அதே பொருள் திரும்பி வந்தால், பழுதுச் செலவு, இன்சூரன்ஸ், போக வரச் சரக்குக் கட்டணம் ஆகியவற்றின் மேல் மட்டும் வரி கணக்கிடும் வழி இருக்கிறது. அதற்கு அதே பொருள்தான் என்று நிரூபிக்க வேண்டும். போகும்போதே ஷிப்பிங் பில்லில் மாட்யூல் சீரியல் நம்பர் ஏறியிருக்க வேண்டும். அவசரத்துக்கு எக்ஸ்சேஞ்ச் முறையில் வேறு நம்பர் மாட்யூலை வாங்கினால் அது அதே பொருள் ஆகாது, புது இறக்குமதியாகத்தான் பார்ப்பார்கள். எக்ஸ்சேஞ்ச் விலை கவர்ச்சியாகத் தெரிந்தால், இந்தக் கணக்கையும் போட்டுப் பாருங்கள். ஷாப்புக்கு இந்திய விமானப் போக்குவரத்து ஒழுங்குமுறை அமைப்பான டிஜிசிஏவின் சிஏஆர்-145 பராமரிப்பு அங்கீகாரம் உண்டா, உங்கள் இன்ஜின் மாடல் அதன் பட்டியலில் இருக்கிறதா என்பதெல்லாம் பேச்சு தொடங்குவதற்கு முன்பே முடிய வேண்டிய வேலை.

இரண்டாவது ஷாப்பிலும் குறை இருக்கிறது. விலை அதிகம், வருடா வருடம் ஏறுகிறது. 2022-லும் 2023-லும் பாகம் கிடைக்காமல் சொன்ன தேதி தவறியது. ஆனால் மூன்று வாரத்துக்கு முன்பே சொல்லி, வாடகைக்கு ஒரு டர்பைன் மாட்யூலும் ஏற்பாடு செய்தார்கள். அதன் வாடகை கசந்தது, ஹெலிகாப்டர் நிற்கவில்லை. தயாரிப்பாளர் அல்லாதவர் செய்யும் பிஎம்ஏ பாகங்களை அவர்கள் போடுவதே இல்லை. அவற்றுக்கும் முறையான ஒப்புதல் உண்டு, செலவும் குறையும். எல்லாருக்கும் அது ஒத்துவராது என்றாலும், அந்த வாய்ப்பை வாடிக்கையாளர் முடிவுக்கு விட்டிருக்கலாம் என்பது என் எண்ணம். எரிபொருள் அளவைக் கட்டுப்படுத்தும் ஹெச்எம்யூ போன்ற துணைக் கருவிகளை அவர்கள் வெளியே கொடுத்துத்தான் செய்கிறார்கள், தாமதம் பெரும்பாலும் அங்கேதான் வருகிறது. அதனால் இப்போதெல்லாம் துணைக் கருவிகளை யார் செய்வார்கள், எத்தனை நாளில் என்று ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்குகிறோம்.

நடை சாத்திய பின் எங்களைப் போன்ற எல்லா ஆபரேட்டர்களும் ஒரே நேரத்தில் இன்ஜின் அனுப்புவதால், இடம் கேட்டு ஆகஸ்டிலேயே எழுதிவிடுகிறோம். இந்த வருடம் ஒரு டர்பைனும் ஒரு கம்ப்ரசரும் போகின்றன. பெட்டிக்குள் வைக்கும் உறையில் லாக் புக் பிரதியோடு இரண்டு வருட பவர் செக் எண்களையும், எண்ணெயில் வரும் உலோகத் துகளைப் பிடிக்கும் மேக்னட் பிளக்கில் எப்போது என்ன ஒட்டியது என்ற குறிப்பையும் சேர்த்து வைக்கிறோம். சீசனில் ஒரு நாள் கேதார்நாத் ஹெலிபேடில் தூசி அடித்ததாகப் பைலட் தன் கையால் எழுதிய அரைப் பக்கமும் அதில் இருக்கிறது. கம்ப்ரசரில் காற்றைத் தள்ளும் சக்கரமான இம்பெல்லரைப் பிரிப்பவர் முதலில் அதைப் படிக்க வேண்டும் என்று உறையின் மேல் சிவப்பு மையில் எழுதியிருக்கிறேன்.