மூட்டு மாற்றிய பிறகு வீட்டுப் பயிற்சி: வீடியோ காலா, வாட்ஸ்அப்பா, செயலியா, தாளா?

முழங்கால் மூட்டு மாற்று ஆபரேஷன் மதுரையில் நடக்கும். வீடு பரமக்குடியிலோ சாயல்குடியிலோ இருக்கும். நாலைந்து நாளில் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். வாரத்துக்கு மூன்று முறை காரில் காலை நீட்டிக்கொண்டு வந்து போவது நடக்கிற காரியமில்லை. "போன்லயே சொல்லிக் குடுத்துடுங்களேன் சார்" என்று மகனோ மகளோ கேட்பது அப்போதுதான். சரி, போனில் என்றால் எப்படி? பிசியோதெரபிஸ்டாக நான்கு வழிகளிலும் பயிற்சி நடத்திப் பார்த்திருக்கிறேன்: நேரலை வீடியோ, வாட்ஸ்அப் பதிவு, செயலி, வெறும் தாளும் போன் விசாரிப்பும்.

தொலைவிலிருந்து நடத்தினால் பலன் குறையுமா என்ற சந்தேகத்தை முதலில் முடித்துவிடலாம். கனடாவின் கியூபெக்கில் மூட்டு மாற்றிய 205 பேரை வைத்து நடந்த ஆய்வு 2015இல் வெளியானது. பிசியோ வீட்டுக்கே வந்து செய்வதற்கு வீடியோ வழி குறைந்ததில்லை என்றது. ஆஸ்திரேலியாவில் நாள்பட்ட முட்டி வலிக்காரர்கள் 394 பேரிடம் நடத்தி 2024இல் வெளியிட்ட ஆய்வும், பிசியோவை நேரில் பார்ப்பதற்கு வீடியோ குறைந்ததில்லை என்றது. ஆனால் கியூபெக்கில் நோயாளி வீட்டில் தனியாகக் கேமரா பொருத்தியிருந்தார்கள். பிசியோ தன் இடத்திலிருந்தே அதைத் திருப்பலாம், பெரிதாக்கலாம். நம்மிடம் கேமராவைத் திருப்புவது ஏழாம் வகுப்புப் பேரன்.

அந்தப் பேரனை நம்பித்தான் நேரலை வீடியோ நடக்கிறது. போனை நாற்காலியில் சாய்த்து, பக்கவாட்டிலிருந்து இடுப்பும் முட்டியும் கணுக்காலும் ஒரே படத்தில் தெரிகிறபடி வைக்க வேண்டும். எதிரிலிருந்து பார்த்தால் முட்டி எவ்வளவு மடங்கியது என்றே தெரியாது. ஜன்னலுக்கு முதுகு காட்டி உட்கார்ந்தால் நிழலுருவம் மட்டும்தான். சேலையோ நைட்டியோ முட்டியை மறைக்கும். கொஞ்சம் ஏற்றிக்கொள்ளச் சொல்வது பெண் பிசியோவாக இருந்தால் பெண் நோயாளிகளுக்குச் சங்கடம் இல்லை. கை வைத்துப் பார்க்க முடியாத குறை இருக்கவே இருக்கிறது. முட்டி சூடாக இருக்கிறதா, முட்டிச் சில்லு நகர்கிறதா, மடக்கும்போது எந்த இடத்தில் இடிக்கிறது என்பதெல்லாம் விரலுக்குத்தான் தெரியும்.

இருந்தும் முதல் இரண்டு வாரங்களுக்கு இதைத்தான் சிபாரிசு செய்வேன். காரணம், வீடு தெரிகிறது. ஒரு அம்மாவுக்குக் கால் முழுதாக நீட்ட வரவே இல்லை. பயிற்சி எல்லாம் ஒழுங்காகத்தான் செய்தார். ஒரு நாள் பேரன் போனைத் திருப்பும்போது கட்டில் தெரிந்தது. முட்டிக்குக் கீழே தடியாக ஒரு தலையணை. இதமாக இருக்கிறதென்று இரவெல்லாம் அப்படியே படுத்திருக்கிறார். முட்டி மடங்கிய நிலையிலேயே இறுகிப் போவதற்கு இதைவிடச் சுலபமான வழி இல்லை. குதிகாலுக்குக் கீழே ஒரு துண்டைச் சுருட்டி வைத்து, முட்டியைத் தொங்க விடுங்கள் என்றேன். அனுப்பச் சொல்லி வாங்கும் பயிற்சிப் பதிவில் அந்தத் தலையணை வந்தே இருக்காது. வழுக்கும் மிதியடி, உயரமான வாசல்படி, இந்தியன் டாய்லெட் எல்லாமே இப்படிக் கண்ணில் படுபவைதான்.

பயமும் நேரலையில்தான் அதிகம். நூறு கிலோமீட்டர் தள்ளி ஒருவர் தடுமாறினால் நான் கத்தத்தான் முடியும். அதனால் வீட்டு முகவரியும் இன்னொரு போன் எண்ணும் கையில் இல்லாமல் ஆரம்பிப்பதில்லை. நாற்காலி சுவரை ஒட்டி இருக்க வேண்டும். பக்கத்தில் பெரியவர் ஒருவர் நிற்க வேண்டும், பேரன் கணக்கில் இல்லை.

வாட்ஸ்அப் வழி இதற்கு நேரெதிர். இருபது நொடிப் பதிவை அவர்கள் அனுப்புவார்கள், ராத்திரி நான் வாய்ஸ் மெசேஜில் திருத்தம் சொல்வேன். சிக்னல் அந்த நிமிடம் இருக்க வேண்டியதில்லை. நான் நிறுத்தி நிறுத்திப் பார்க்கலாம், போன வாரப் பதிவோடு ஒப்பிடலாம். அவர்களும் நான் சொன்னதை நாலு முறை கேட்கலாம். கட்டிலில் குதிகாலை இழுத்து முட்டியை மடக்கும்போது இடுப்பைத் தூக்கி ஏமாற்றுவது நேரலையில் தப்பிவிடும், பதிவில் தப்பாது.

ஆனால் கல்யாண ஆல்பம் மாதிரி நல்லதை மட்டும் பொறுக்கி அனுப்புவார்கள். முதல் தடவை எல்லோரும் அழகாகத்தான் காலைத் தூக்குவார்கள். எனக்கு வேண்டியது எட்டு, ஒன்பது, பத்து. "கடைசி மூணை மட்டும் எடுங்க" என்று சொல்லிவிடுவேன். இன்னொன்று, ஒருவரின் பயிற்சிப் பதிவை வீட்டில் யாரோ குடும்பக் குரூப்பில் போட்டுவிட, அவர் அப்புறம் பதிவே அனுப்பவில்லை. யார் எடுப்பது, யாருக்கு அனுப்புவது என்பதை முதல் நாளே பேசிவிட வேண்டும். கெண்டைக்கால் வீக்கம், வலி, மூச்சுத் திணறல், புண்ணில் கசிவு, காய்ச்சல் இவற்றை மட்டும் வாட்ஸ்அப்பில் போடவே கூடாது. நான் ராத்திரிதான் பார்ப்பேன். உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டிய விஷயம் அது. வலி மாத்திரையைக் கூட்டுவதா குறைப்பதா என்பதும் டாக்டரிடம் கேட்க வேண்டியது, என்னிடம் அல்ல.

செயலி பற்றி அதிகம் சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. அமெரிக்காவில் மூட்டு மாற்றிய 306 பேரிடம் நடந்து 2020இல் வெளியான ஆய்வில், திரையில் ஒரு பொம்மை உருவம் செய்து காட்ட, கேமரா அசைவை அளக்க, பிசியோ தூரத்திலிருந்து கண்காணித்தார். பலன் குறையவில்லை, செலவு குறைந்தது. அங்கே ஒரு பிசியோ சந்திப்புக்கு ஆகும் செலவு வேறு. இங்கே எழுபது வயது ஐயாவுக்கு ஆங்கிலத்தில் "வெல் டன்" சொல்லும் செயலி எரிச்சலைத்தான் தருகிறது. முட்டி லிகமெண்ட் (எலும்புகளைப் பிணைக்கும் நார்) ஆபரேஷன் செய்துகொண்ட முப்பது வயதுக்காரருக்குக் கொடுங்கள், நன்றாகப் பயன்படுத்துவார்.

தாளை எல்லோரும் மட்டமாக நினைக்கிறார்கள். எனக்கு அதில் ஒப்புதல் இல்லை. தினசரி காலண்டர் பக்கத்தில் ஒட்டிய தாளுக்குச் சார்ஜ் வேண்டாம். ஆனால் அதில் பத்துப் பயிற்சியை அச்சடிப்பதுதான் நம் ஆட்கள் செய்யும் தப்பு. 65 வயதைத் தாண்டியவர்களிடம் 1999இல் வெளியான ஒரு சின்ன ஆய்வு உண்டு, பதினைந்தே பேர்தான். இரண்டு பயிற்சி கொடுக்கப்பட்டவர்கள், எட்டு கொடுக்கப்பட்டவர்களைவிடச் சரியாகச் செய்தார்கள். நான் மூன்றுக்கு மேல் எழுதுவதில்லை. போனில் "செஞ்சீங்களா?" என்று கேட்டால் "செஞ்சேன் சார்" என்றுதான் பதில் வரும். "காலையில எந்த நாற்காலியில உக்காந்து செஞ்சீங்க?" என்று கேட்டால் உண்மை வரும்.

எந்த வழியானாலும் அளவு ஒன்று வேண்டும். கை ஊன்றாமல் முப்பது நொடியில் நாற்காலியிலிருந்து எத்தனை முறை எழ முடிகிறது என்பதை வாரம் ஒரு முறை எண்ணச் சொல்வேன். முதல் தடவை மட்டும் நேரலையில், என் கண் முன்னால். பயிற்சியால் கூடிய வலி மறுநாள் காலைக்குள் பழைய அளவுக்கு வந்துவிட்டால் கொஞ்சம் கூட்டலாம். இல்லையென்றால் அதே அளவு இன்னும் சில நாள்.

ஆக, என் வரிசை: இரண்டு வாரம் நேரலை, ஆறாவது வாரம் வரை வாட்ஸ்அப்பும் வாரம் ஒரு நேரலையும், பிறகு தாளும் போனும். 2021 ஆகஸ்டில் தொடங்கிய தமிழக அரசின் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து இயன்முறை சிகிச்சை தருவதும் உண்டு. உங்கள் ஊருக்கு அந்தக் குழு வந்தால், கை வைத்துப் பார்க்க வேண்டியதை அவர்களிடம் பார்த்துக்கொள்ளுங்கள்.

தனியாக இருப்பவர்களையும் அடிக்கடி தலைசுற்றல் வருபவர்களையும் நான் போனில் எடுத்துக்கொள்வதில்லை. ஆறு வாரம் ஆகியும் முட்டி தொண்ணூறு டிகிரி மடங்காதவர்களை ஆபரேஷன் செய்த டாக்டரிடமே திருப்பி அனுப்பிவிடுவேன். மயக்கம் கொடுத்து மடக்கிவிட வேண்டுமா என்று அவர்தான் பார்த்துச் சொல்ல வேண்டும். அதற்கும் காலக்கெடு உண்டு. வீடியோவில் "இன்னும் கொஞ்சம் மடக்குங்கம்மா" என்று நான் சொல்லிக்கொண்டே இருந்தால் அந்தக் கெடு போய்விடும்.