சிங்கர் 28கே என்று சொல்லி 18,500 ரூபாயைப் பறித்துவிட்டார்கள்: பழைய தையல் மிஷின் சேகரிப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை

பழைய தையல் மிஷின்களைத் தேடி வாங்கிச் செப்பனிடும் நண்பர்கள், அடுத்த மிஷினுக்குப் பணம் அனுப்பும் முன் தயவுசெய்து இதைப் படியுங்கள். பழைய பொருட்களை வாங்கவும் விற்கவும் பயன்படும் செயலி ஒன்றில், 1920களைச் சேர்ந்த சிங்கர் 28கே கை மிஷின் என்று விளம்பரம் செய்து, என்னிடம் 18,500 ரூபாயை வாங்கிக்கொண்டு, கறுப்புப் பெயின்ட் அடித்த உள்நாட்டு நகல் ஒன்றைக் கிருஷ்ணகிரிக்கு அனுப்பியிருக்கிறார்கள். பெட்டியைப் பிரித்து ஒரு வாரம்கூட ஆகவில்லை. ஆத்திரம் இன்னும் அடங்கவில்லை.

28கே என்றால் என்னவென்று சேகரிப்பவர்களுக்குத் தெரியும். ஸ்காட்லாந்தின் கிளைட்பேங்கில் சிங்கர் நடத்திய கில்போவி தொழிற்சாலையில் செய்யப்பட்டது என்பதைத்தான் அந்தக் 'கே' குறிக்கிறது. அந்த ஆலையே 1980இல் மூடப்பட்டுவிட்டது. அடிநூலைத் தாங்கும் தோட்டா வடிவக் கூடான ஷட்டிலுக்குள், அந்த நூலைச் சுற்றிவைக்கும் நீளமான பாபின் படுத்திருக்க, கைப்பிடியைச் சுற்றும்போது ஷட்டில் முன்னும் பின்னும் ஊசலாடித் தைக்கும். நம் ஊர்த் தையல் கடைகளில் வட்ட பாபின் மிஷின்களே மிகுதி என்பதால், இப்படி ஒன்றுக்காக நான் நெடுங்காலமாகக் காத்திருந்தேன்.

விற்றவர் மும்பையில் பழைய சாமான் கடை வைத்திருப்பதாகச் சொன்னார். நான் கிருஷ்ணகிரி என்றதும், "நானும் பாலக்கோட்டுக்காரன்தான் சார், நம்ம ஊர்க்காரங்களுக்கு ஏமாத்தி விப்பனா?" என்று நம் பக்கத்துப் பேச்சிலேயே கேட்டார். வீடியோ அழைப்பில் முன்பக்கத் தகட்டை நகர்த்தி, சக்கரத்தை மெதுவாகச் சுற்றி, ஷட்டில் ஊசலாடுவதைக் காட்டினார். 'ஒய்' எழுத்தில் தொடங்கும் வரிசை எண்ணின் படத்தையும் அனுப்பினார். 1920களில் கிளைட்பேங்கில் அந்த எழுத்துதான் வழங்கப்பட்டது என்பதால் எல்லாம் பொருந்தி வந்தது. "எங்க ஆயா தைச்ச மிஷின் சார், தெரிஞ்சவங்க கைக்குப் போகணும்" என்று அவர் சொன்ன அந்த நிமிடத்தில்தான் முழுத் தொகையையும், 18,500 ரூபாயையும், அவருடைய எண்ணுக்கு அனுப்பினேன். ஊர்ப்பாசத்தையே தூண்டிலாக்கிய அந்த மனிதரை என்னால் மன்னிக்க முடியவில்லை.

பெட்டியைத் திறந்ததும் புதுப் பெயின்ட் வாடை அடித்தது. ஊசிக்கு முன்னும் பின்னும் இருக்க வேண்டிய நகரும் தகடுகள் இல்லை. இடப்பக்கம் அடியில் பாபின் கேஸ் மாட்டும் சாதாரண வட்ட பாபின் அமைப்புதான் இருந்தது. சிறு ஆணிகளால் அறையப்பட்டிருக்க வேண்டிய, சிங்கர் சின்னம் பொறித்த பித்தளைப் பதக்கம் பசையால் ஒட்டப்பட்டிருந்தது. பொன்னிறக் கொடிப்பூ வேலைப்பாடு வெறும் ஸ்டிக்கர், அதன் ஓரம் அப்போதே தூக்கிக்கொண்டிருந்தது. வரிசை எண் இருக்கும் மேட்டை அரத்தால் ராவி வழவழப்பாக்கியிருந்தார்கள். அதன் அருகே நகத்தால் கீறினேன். கறுப்பு தோலாக உரிந்து, அடியில் பச்சைப் பெயின்ட் தெரிந்தது.

விற்றவரை அழைத்தால், "லாரியில மாறியிருக்கும் சார்" என்றார். மறுநாள் "பார்த்துட்டுச் சொல்றேன்" என்றார். பிறகு என் எண்ணையே தடுத்துவிட்டார். பார்சல் அலுவலகத்தில், பெட்டி உடையாமல் வந்தது, நீங்கள் கையெழுத்துப் போட்டிருக்கிறீர்கள், உள்ளே இருப்பதற்கு நாங்கள் பொறுப்பல்ல என்று முடித்துக்கொண்டார்கள். செயலியின் உதவிப் பிரிவோ, விற்பவரையும் வாங்குபவரையும் இணைப்பது மட்டுமே தங்கள் வேலை என்று ஒரே பதிலைத் திரும்பத் திரும்ப அனுப்பி, நான் படங்களைச் சேர்ப்பதற்குள் புகாரை 'தீர்க்கப்பட்டது' என்று மூடிவிட்டது. என்ன தீர்ந்தது? 18,500 ரூபாய் யாரிடம் இருக்கிறது? அந்த விளம்பரத்தில் 'சரிபார்க்கப்பட்ட விற்பனையாளர்' என்ற முத்திரையைக் குத்தியவர்கள் அவர்கள்தானே!

இணைய மோசடிக்கான 1930 எண்ணில் புகார் பதிந்துவிட்டேன், தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இலும் சொல்லியிருக்கிறேன். விரிவான வழிகாட்டி எழுதத்தான் உட்கார்ந்தேன், ஆனால் இப்போதைக்கு இவ்வளவுதான் முடிகிறது. வீடியோவில் உங்கள் பெயரும் அன்றைய தேதியும் எழுதிய தாளை வரிசை எண்ணுக்குப் பக்கத்தில் வைத்துக் காட்டச் சொல்லுங்கள், மறுத்தால் விட்டுவிடுங்கள். பித்தளைப் பதக்கத்தின் ஆணிகளை நெருக்கத்தில் காட்டச் சொல்லுங்கள். முழுத் தொகையை முன்கூட்டி அனுப்பாதீர்கள். பெட்டியைப் பிரிக்கும்போது தொடக்கத்திலிருந்தே வீடியோ எடுங்கள்.

இன்னொன்று அவசரம்: அதே படங்களுடன் அதே 28கே, இன்று காலை வேறொரு பெயரில் 16,000 ரூபாய்க்கு மீண்டும் விற்பனைக்கு வந்திருக்கிறது. மரப்பெட்டியின் வலது மூலையில் சிறு விரிசல், கைப்பிடியின் மரக்குமிழில் வெள்ளைக் கறை, இவை இரண்டும் படத்தில் தெரிந்தால் அது அந்த மிஷின்தான். யாரும் அதற்குப் பணம் அனுப்பிவிடாதீர்கள்.